குழந்தைத் தொற்றுநோயியலும் தீநுண்மி ஆய்வுப் பணியும்

குழந்தைத் தொற்றுநோயியல் என்பது பச்சிளங் குழந்தைகள் முதல் வளரிளம் பருவத்தினர் வரை உள்ளவர்களுக்கு வரும் தொற்றுநோய்களை ஆராய்ந்து சிகிச்சை அளிக்கும் மருத்துவத் துறையாகும். டெங்கு, தட்டம்மை, இளம்பிள்ளை வாதம் (போலியோ), ரோட்டா வயிற்றுப்போக்கு போன்றவை தீநுண்மிகளால் (வைரசுகளால்) வருவதால், தீநுண்மியியலும் இத்துறையும் பிரிக்க முடியாதவை. மருத்துவக் கல்லூரியில் இத்துறையைத் தேர்ந்தெடுப்பவர் காலையில் வார்டில் நோயாளிகளைப் பார்த்து, பிற்பகலில் மாணவர்களுக்குக் கற்பித்து, எஞ்சிய நேரத்தில் ஆய்வகத்துக்குச் செல்பவராக இருப்பார்.

கொங்கு நாட்டுக்கு இத்துறை புதிதன்று. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் வரும் குன்னூரில், 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இயங்கி வருகிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காகத் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் 1960களில் போலியோ சொட்டு மருந்துத் தயாரிப்பிலும் ஈடுபட்டது. சமவெளியில் கோவை அரசு மருத்துவக் கல்லூரி (1966), பூ. சா. கோ. மருத்துவக் கல்லூரி (1985) ஆகியவை குழந்தை மருத்துவர்களை உருவாக்குகின்றன. மழைக்காலத்து டெங்குவும், கேரளத்தில் நிபா தோன்றும்போதெல்லாம் வாளையாறு சோதனைச் சாவடியில் நடக்கும் காய்ச்சல் பரிசோதனையும் இப்பகுதி மக்கள் அறிந்தவையே.

எனினும் இப்பணியின் தன்மையைப் புரிந்துகொள்ள வேலூரைப் பார்க்க வேண்டும். 1960களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த குழந்தை மருத்துவர் தெ. ஜேக்கப் ஜான், அங்கு நோயறி தீநுண்மி ஆய்வகம் ஒன்றை ஏற்படுத்தினார். மூன்று தவணை சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளுக்கும் போலியோ வருவதை அவர் கவனித்தார். மேலைநாடுகளில் மூன்று தவணைகளுக்குப் பின் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் எதிர்ப்பாற்றல் உண்டாகியிருந்தது. வேலூரிலோ, முதல் வகைத் தீநுண்மிக்கு எதிராக மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளிடமே அது உண்டானது. மருந்து வெயிலில் கெட்டிருக்கும், பெற்றோர் தவணையைத் தவறவிட்டிருப்பர் என்று சொல்லிவிடுவது எளிது. வீரியம் சோதிக்கப்பட்ட மருந்தைக் கொடுத்தும் முடிவு மாறவில்லை. இது 1970களின் தொடக்கத்தில் வெளியானது. இந்தியக் குழந்தைக்குக் கூடுதல் தவணைகள் தேவை என்ற முடிவு அதிலிருந்து வந்தது.

அடுத்த படியாக, ஊரிலுள்ள சிறு குழந்தைகள் அனைவருக்கும் குறுகிய காலத்தில் ஒருசேர மருந்து கொடுக்கும் முறை வேலூர் நகரில் சோதிக்கப்பட்டது. அதன் பலனை 1983இல் பிரித்தானிய மருத்துவ இதழ் வெளியிட்டது. நாடு தழுவிய போலியோ சொட்டு மருந்து நாள் 1995இல்தான் தொடங்கியது. இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 சனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். ஒரு வார்டில் எழுந்த ஐயம் நாட்டின் வழக்கமாக மாறுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இத்துறைக்கு வருபவர் இந்தக் காலக் கணக்கை மனத்தில் கொள்வது நல்லது.

அதே கல்லூரியின் ககன்தீப் காங் ரோட்டா தீநுண்மியில் இதற்கு இணையான உண்மையைக் கண்டார். அவரது குழு வேலூரில் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தது. மெக்சிகோவில் இருமுறை தொற்று கண்ட குழந்தைக்குக் கடும் நோய் வரவில்லை. வேலூரில் மூன்று தொற்றுகளுக்குப் பின்னும் பாதுகாப்பு 79 விழுக்காடுதான். காங் 2019இல் இலண்டன் அரச கழக உறுப்பினராகத் தேர்வானார். இச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.

படிப்பு நீண்டது. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டுகள், குழந்தை மருத்துவ எம்.டி. மூன்று ஆண்டுகள், அதன்பின் தொற்றுநோயியலில் டி.எம். அல்லது சிறப்புப் பயிற்சி. மருத்துவம் படிக்காதவர்களுக்கும் வழி உண்டு: நுண்ணுயிரியலில் முதுகலை முடித்து முனைவர் பட்டம் பெறலாம், புனே தேசிய தீநுண்மியியல் நிறுவனத்தில் தீநுண்மியியல் முதுகலைப் படிப்பே உள்ளது. தடை பெரும்பாலும் படிப்பில் இல்லை. தனியார் மருத்துவமனைகள் நிறைந்த கோவை போன்ற நகரில் எம்.டி. முடித்த குழந்தை மருத்துவருக்கு மருத்துவத் தொழில் உடனே வருமானம் தரும். ஆய்வாளரோ நிதி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பார். உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர் எனப் படியேறக் கட்டுரைகள் தேவை என்பதால், பதவிக்காகவே எழுதப்படும் கட்டுரைகளும் பெருகியுள்ளன.

தீநுண்மி வல்லுநரின் பயன், நோய்க்குத் தீநுண்மி காரணமல்ல என்று சொல்வதிலும் உண்டு. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் குளிர்காலந்தோறும் குழந்தைகள் மயங்கி இறந்தபோது அது மூளையழற்சி எனக் கருதப்பட்டது. பிஜ்னோர் குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டாவுடன் ஆராய்ந்த ஜேக்கப் ஜான், அக்குழந்தைகள் காட்டுச்செடியான பேயாவிரையின் விதைகளைத் தின்றிருந்ததைக் கண்டறிந்தார். கொங்குப் பகுதிச் சாலையோரங்களிலும் முளைக்கும் செடி அது. பின்னர் பீகாரின் முசாபர்பூரிலும் கோடைதோறும் குழந்தைகள் இறந்தனர். ஊட்டமின்றி, இரவு உணவும் உண்ணாமல் உறங்கிய குழந்தைகள் லிச்சிப் பழம் தின்றிருந்ததால், இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறைந்திருந்தது. அங்கு தேவைப்பட்டது தீநுண்மிக்கு எதிரான மருந்தன்று, தாமதமின்றி நரம்பு வழியே ஏற்றும் குளுக்கோசு.