சாந்திற் கலந்த இறப்பர்



லாச்சப்பல் நிலையத்தைக் கடந்து இரண்டாம் இலக்க மெத்ரோ செல்லும்போது, அயலிலுள்ள வீடுகளின் சன்னற் கண்ணாடிகள் அதிர்வதை நம்மவர் பலர் அறிவர். பாதையின் இப்பகுதி 1903இல் திறக்கப்பட்டது; இவ்விடத்தில் அது தூண்களின் மேலே செல்கின்றது. உருக்குச் சக்கரம் உருக்குத் தண்டவாளத்தில் உருள எழும் அதிர்வு, தூண் வழியே நிலத்திற்கும், நிலத்தின் வழியே சுவருக்கும் பரவுகின்றது. அச்சுவருக்குள் இருந்துதான் நம் பிள்ளைகள் படிக்கின்றனர்.

இதனைப் போலவே ஒரு பகுதி தூண்களின் மேல் ஓடும் ஆறாம் இலக்கப் பாதையில் 1974இல் இறப்பர்ச் சக்கரங்கள் புகுத்தப்பட்டன. அயலவர்க்குச் சத்தமும் அதிர்வும் குறையவேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கம்.

இறப்பருக்கு இவ்வாற்றல் எவ்வாறு வந்தது? கோயில் மணியை அடித்தால் ஓசை நெடுநேரம் நிற்கும். இறப்பர்க் கட்டியை அடித்தால் உடனே அடங்கும். இறப்பரின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். அவை வளைந்து நிமிரும்போது ஒன்றோடொன்று உராய்ந்து, அசைவின் ஒரு பகுதியை வெப்பமாக்கி விடுகின்றன. நெடுந்தூரம் ஓடிய வாகனத்தின் ரயர் சுடுவதற்கும் இதுவே காரணம். (களுத்துறை, கேகாலைத் தோட்டங்களில் பால் வெட்டக் கண்ட பெற்றோர், ரயரில் அந்த மரத்தின் பங்கும் உண்டென்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.)

தேய்ந்த ரயர்களைப் புதைகுழிகளில் இடுவதை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது: முழு ரயர்களை 2003 முதலும், துண்டாக்கியவற்றை 2006 முதலும். இவற்றை மணல்போல் அரைத்து, சாந்தில் மணலின் ஒரு பகுதிக்குப் பதிலாக இடும் முறையைப் பல நாட்டு ஆய்வாளர் சோதித்துள்ளனர். அச்சாந்து பாரம் குறைந்தது. அதிர்வைக் கூடுதலாக உள்வாங்கும். ஆயின் இலாபம் இலவசமாக வருவதில்லை. இறப்பர் மென்மையானது, நீரை விலக்கும் இயல்பினது. ஆகவே சீமெந்துப் பசை அதனை இறுகப் பற்றுவதில்லை. துகள் கூடக்கூடச் சாந்தின் வலிமை குறையும். எரிசோடாக் கரைசலிற் கழுவியபோது சில சோதனைகளில் பிணைப்பு ஓரளவு மேம்பட்டது.

கட்டட வேலை செய்யும் பெற்றோர் இதனைக் கருத்திற் கொள்க: பாரந்தாங்கும் சுவருக்கு இது உகந்ததன்று. விரற்கடைப் பருமனுக்குச் சுவரிற் பூசி மெத்ரோவின் அதிர்வை அடக்கலாம் என்று எவரேனும் கூறினும் நம்பவேண்டாம். அதிர்வைத் தடுக்கவேண்டிய இடம், அது பிறக்கும் தண்டவாளம். தவறின், கட்டடம் நிலத்தைத் தொடும் அத்திவாரம். இலண்டனில் சுரங்க ரயில் நிலையத்தின் மேல் 1960களில் எழுந்த அல்பனி கோர்ட் என்னும் மாடிக்கட்டடம் இறப்பர்த் தாங்கிகளின் மீதே நிற்கின்றது.

மாணவர்களே, பார்பேஸ் நிலையத்தில் மேலே இரண்டாம் இலக்கமும், நிலத்தின் கீழே இறப்பர்ச் சக்கரத்தில் ஓடும் நான்காம் இலக்கமும் உண்டு. அடுத்த விடுமுறையில் பெற்றோருடன் சென்று, இரு மேடைகளிலும் சற்றே கண்ணை மூடி நின்று கேட்டுப் பாருங்கள்.