உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் செய்யும் முதல் மின் கிட்டாருக்கு ஏற்ற மரம்

மின் கிட்டாரில் எஃகுத் தந்திகளின் அதிர்வை ‘பிக்கப்’ எனும் காந்தச் சுருள்தான் மின் அலையாக மாற்றுகிறது. எனவே கெட்டி உடல் கிட்டாரைச் செய்ய, மரத்தின் பெயரைவிடப் பதமே முக்கியம். பலகை நன்கு உலர்ந்து, கண்ணும் வெடிப்பும் இன்றி இருக்க வேண்டும். ஈரமரம் பின்னர் வளைந்துவிடும்.

உடல்: ஏறத்தாழ 45 மி.மீ. தடிமன் போதும். இரண்டு மூன்று துண்டுகளைப் பக்கவாட்டில் ஒட்டியும் செய்யலாம். ஃபெண்டர் கிட்டார் நிறுவனம் ஆஷ் மரத்தையும், 1950-களின் நடுப்பகுதியிலிருந்து பெரும்பாலும் ஆல்டரையும் பயன்படுத்தியது. 1952-இல் வந்த கிப்சன் லெஸ் பால் கிட்டாருக்கு மஹோகனி உடல், அதன்மேல் மேப்பிள் பலகை. பழகுபவருக்கு ஆல்டர், பாஸ்வுட், பைன் ஆகியவை அறுக்க எளியவை. ஆனால் பாஸ்வுட்டும் பைனும் மென்மையானவை என்பதால் அடிபட்டால் எளிதில் குழி விழும்.

கழுத்து: தந்திகளின் இழுவிசையைத் தாங்குவது இதுவே. நேரான இழையோட்டமுள்ள மேப்பிளோ மஹோகனியோ சிறந்தது. உள்ளே எஃகுக் கம்பி பொருத்தினால் வளைவைச் சரிசெய்யலாம்.

பழைய மரம்: இதையும் பயன்படுத்தலாம். ‘குவீன்’ இசைக்குழுவின் பிரையன் மே, 1963-இல் தம் தந்தையுடன் செய்யத் தொடங்கிய ‘ரெட் ஸ்பெஷல்’ கிட்டாரின் கழுத்து, ஒரு பழைய கணப்படுப்பின் மஹோகனிச் சட்டத்திலிருந்து செதுக்கப்பட்டது.