கையொப்பத்திற்கு முந்திய கேள்விகள்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் தமிழாசிரியருக்கு நன்னூலோடும் நளவெண்பாவோடும் அமையாத வேறொரு பணியும் உண்டு. பழைய உறுதிகளை வாசித்துப் பொருள் சொல்லுதலே அது. வான்பயிர், வழிவாய்க்கால், கிணற்றுப் பங்கு, முதுசம், ஒற்றி என்னுஞ் சொற்கள் நிறைந்த மங்கிய தாளொன்றைக் கொண்டுவருவோர், வாசித்து முடிந்ததும் எழுந்து போவதில்லை. "இனி என்ன செய்யலாம், வாத்தியார்?" என்று கேட்பர். ஆசிரியர் கலாசாலையில் எமக்குச் சட்டம் எவருங் கற்பித்தாரல்லர். ஆதலின் முடிவு கூறுதல் எம்மால் இயலாது. ஆயினும் எந்தக் கேள்வியை, யாரிடம், எப்பொழுது கேட்க வேண்டும் என்று சொல்லுதல் ஆசிரியர் தொழிலுக்குப் புறம்பானதன்று. யாம் கண்ட அளவில், சட்டத்தரணியிடம் செல்லாமையாற் கெட்டவர் சிலரே. கையொப்பமிட்ட பின்னர்ச் சென்று கெட்டவர் பலர்.

முதலிற் சொற்களைத் தெளிந்துகொள்வோம். நம் பாட்டன்மார் வழக்கறிஞரை இருவகையாக அறிந்திருந்தனர். மன்றில் எழுந்து வாதிப்பவர் அப்புக்காத்து. வழக்கைப் பதிந்து பத்திரங்களை ஆயத்தஞ் செய்பவர் பிறக்கிராசி. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தினால் இவ்விரு பிரிவும் ஒன்றாகி, 1974 முதல் யாவரும் சட்டத்தரணிகளாயினர். நொத்தாரிசு என்பவர் உறுதி முடிக்கும் அதிகாரம் பெற்றவர். இக்காலத்திற் பெரும்பாலும் சட்டத்தரணியே நொத்தாரிசுமாயிருப்பர். அற்றோணி என்பவரோ சட்டங் கற்றவராயிருக்க வேண்டுவதில்லை. நம் பெயராற் கருமமாற்ற நாமே எழுத்தில் அதிகாரங் கொடுத்த எவரும் அற்றோணியாவர். மைத்துனரும் ஆகலாம், அயல்வீட்டாரும் ஆகலாம். ஆங்கிலத்தில் இருவரையும் ஒரே சொல் குறித்தலால், "அற்றோணியே கையொப்பம் வைத்திருக்கிறார்; பிறகென்ன?" என்று மயங்குவோர் இன்றும் உளர்.

அற்றோணித் தத்துவத்தைப் பற்றியே எம்மிடம் மிகுதியாகக் கேட்கின்றனர். அது வியப்பன்று, வீட்டிற்கொருவர் கனடாவிலோ இலண்டனிலோ வாழும் ஊர் நம்முடையது. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், ரொறன்ரோவில் மகளுடன் வாழ்ந்த முதியவள் ஊரிலுள்ள பெறாமகனுக்குப் பொது அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தாள். அவள் இறந்து எட்டு மாதங் கழித்து, அத்தத்துவத்தைக் காட்டியே அவன் வீட்டுவளவை விற்றான். வாங்கியவர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் அதில் இட்டவர். இன்று அவர் முதியவளின் பிள்ளைகளோடு வழக்காடுகின்றார். பெறாமகனையோ ஊரிற் காணோம்.

இங்கே எழும் சட்டம் கடினமானதன்று. அதிகாரங் கொடுத்தவர் இறந்தால் அற்றோணியின் அதிகாரமும் அவருடன் இறக்கும் என்பதே பொதுவிதி. பத்திரம் கெடாது பெட்டியில் இருக்கலாம். அதனுள் இருந்த வலு போய்விடும். ஆகவே அற்றோணியிடம் காணி வாங்குவோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "கொடுத்தவர் இன்று உயிருடன் இருக்கின்றாரா?" என்பதே. தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசக்கூடிய இக்காலத்தில் இதனைக் கேட்கக் கூசுதல் பொருந்தாது. அடுத்து, தத்துவம் நீக்கப்பட்டுள்ளதா என்பதும், விற்கும் அதிகாரம் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளதா என்பதும் நோக்கப்படல் வேண்டும். "காணியைப் பராமரிக்க" என்று எழுதியதை "விற்க" என்று விரித்து வாசித்தல் இலக்கணத்துக்கும் ஒவ்வாது, சட்டத்துக்கும் ஒவ்வாது.

கொடுப்பவருக்கும் ஒரு சொல். ஒரு காணியை விற்பதே நோக்கமாயின், அக்காணியின் பெயர், பரப்பு, எல்லைகளைக் குறித்து அந்த ஒரு கருமத்துக்கு மட்டும் விசேட தத்துவம் கொடுத்தல் நன்று. உள்ளன யாவற்றையும் ஆளும் பொதுத் தத்துவத்தை அன்பின் மிகுதியாற் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். இப்பொருள்பற்றிய 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டுள்ளது; எனவே முன்னொருமுறை தமையனார் அனுப்பியது போலவே நாமும் அனுப்பினாற் போதும் என்று கருதாது, பதிவு முறையைப் புதிதாகக் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது கேள்வி முற்பணம் பற்றியது. காணி பேசி முடிந்ததும் அப்பியாசக் கொப்பித் தாளொன்றில் "இன்னாரிடம் இவ்வளவு பெற்றேன், மூன்று மாதத்தில் உறுதி முடிப்பேன்" என்று எழுதி, முத்திரை ஒட்டிக் கையொப்பம் வாங்குவர். முத்திரையைக் கண்டால் நம்மவர்க்கு ஒரு நிம்மதி. ஆனால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை மாத்திரமன்று, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் எழுத்திலமைந்து, நொத்தாரிசு முன்னிலையிலும் ஒருங்கே சமுகமளித்த இரு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட வேண்டும். அப்பியாசக் கொப்பித் தாள் பணங் கொடுத்ததற்குச் சான்றாகலாம். காணியைத் தரும்படி கட்டாயப்படுத்த உதவாது. உறுதி முடிந்த பின்னும் காணிப் பதிவகத்தில் அதனைப் பதிதல் இன்றியமையாதது. பதியப்படாத உறுதி, அதே காணிக்குப் பின்னர் ஒருவர் விலைகொடுத்து வாங்கி முந்திப் பதிந்த உறுதிக்குத் தோற்கும். பின்னையவர் வஞ்சனை செய்தாராயின் மட்டுமே நிலை வேறாகும்.

தேசவழமை பற்றிய கேள்விகள் தனிப் பெருங்கடல். ஒல்லாந்த ஆட்சியில், 1707இல், திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துப் பன்னிரு தமிழ் முதலிமார் பார்வையிட்ட அவ்வழமை, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியாற் சட்ட வலுப் பெற்றது. 1911இலும் 1947இலும் பெரிய மாற்றங்கள் வந்தன. இங்கு ஒன்றைமட்டும் விரித்துரைப்போம். தாய் தந்த சீதனக் காணியைத் தன் விருப்பப்படி விற்கலாம் எனக் கருதிய மணமான பெண், நொத்தாரிசு "கணவரின் சம்மதம் எங்கே?" என்று வினவும்போது திகைக்கின்றாள். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அசையாப் பொருளை மனைவி கைமாற்றுதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதத்தை வேண்டுகின்றது. இது தக்கதா என்பது பற்றி எமக்கும் ஒரு கருத்து உண்டு. நம் பெண்பிள்ளைகள் பலர் வினவியதும் இதுவே. ஆனால் அறியப்படாதது யாதெனில், கணவன் கைவிட்டுச் சென்றிருந்தாலோ, இருக்குமிடந் தெரியாதிருந்தாலோ, நியாயமின்றி மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றம் அச்சம்மதத்துக்குப் பதிலாகத் தானே அனுமதி வழங்கலாம் என அச்சட்டமே வழிசெய்துள்ளமையாம். போரிற் கணவனைத் தொலைத்து, உயிருடன் உளனோ இலனோ என்று அறியாது வாழும் பெண்கள் இதனைக் கேட்டறிதல் வேண்டும். விற்பதற்குக் கையெழுத்தில்லை என்று ஒருவர் சொன்னதும் திரும்பிவந்து, பிள்ளையின் படிப்பை நிறுத்தியவளை யாம் அறிவோம்.

பங்குக் காணியை விற்பதாயின், மற்றப் பங்காளருக்கு முன்னறிவித்தல் கொடாது அயலாருக்கு விற்றல் 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தின்படி வழக்கிற்கு வழிகோலும்.

இனி, "பத்து வருடம் இருந்தால் காணி அவனுக்காமே?" என்னும் அச்சம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் பத்தாண்டைக் குறிப்பது மெய். ஆனால் அது இடையறாததும் உரித்தாளனுக்கு எதிரானதுமான ஆட்சியாதல் வேண்டும். வாடகைக்கோ, "பார்த்துக்கொள்" என்ற சொல்லின்பேரிலோ இருந்தவரின் இருப்பு அத்தகையதன்று. சகோதரருள் ஒருவர் பங்குக் காணியில் இருந்தமையால் மற்றவர் பங்கு எளிதில் அற்றுப்போவதுமில்லை. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தோர் பொருட்டு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அது கருத்திற் கொண்டது. அதன் பயன் இன்று தமக்குக் கிட்டுமா என்பதைத் தேதிகளுடன் சென்று சட்டத்தரணியிடமே கேட்க வேண்டும். தேநீர்க் கடையில் அன்று.

1995இன் இடப்பெயர்வில் உறுதியை இழந்தவர்கள் காணியையே இழந்ததாக எண்ணி வாளாவிருந்ததுண்டு. நொத்தாரிசு முடித்த உறுதி ஒன்றன்று. மூலம் உரியவரிடம் செல்லும்; ஒரு படி நொத்தாரிசிடம் இருக்கும்; இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படும். எனவே பதிவகத்திற் தேடி உறுதிப்படுத்திய பிரதி பெற முயலலாம். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், ஆண்டு என்பவற்றுள் ஒன்றேனும் நினைவிலிருப்பின் தேடுதல் எளிதாகும்.

மரணசாதனம் பற்றிச் சுருக்கமாக: நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசின்றி ஒருங்கே கூடிய ஐந்து சாட்சிகளேனும் வேண்டும். நோயாளியின் தலையணைக்கீழ் வைத்த கடிதம் மரணசாதனமாகாது.

பணமில்லாமையாற் கேளாதிருப்போரும் உளர். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வருமானங் குறைந்தோர்க்குக் கட்டணமின்றி உதவுகின்றது. சிறு பிணக்குகளுக்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படியான மத்தியஸ்த சபை உண்டு. அங்கே சட்டத்தரணி தோன்றுவதில்லை, கட்சிக்காரரே பேச வேண்டும். வேலிச் சண்டைக்கு அதுவே மேல். சட்டத்தரணியிடம் செல்பவர் உறுதிகள், நில அளவைப் படம், பிறப்பு விவாக மரண அத்தாட்சிப் பத்திரங்கள், வரிச் சிட்டைகள் யாவற்றையும் கொண்டு செல்க. நமக்குப் பாதகமான கடிதத்தையும் மறையாது காட்டுக. எதிர்க்கட்சியார் அதனை மன்றிற் காட்டும்போது நம் சட்டத்தரணி முதன்முறையாகக் காணலாகாது. மூல உறுதியை அவரிடம் விட்டுவர நேரின், இலக்கமும் தேதியுங் குறித்த பற்றுச்சீட்டொன்று பெற்று வருக.