வேளாண் மாணவர் யாரிடம் கற்றார்?

வேளாண் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் மாணவர்கள் கிராமத்தில் தங்கி ‘ஊரக வேளாண் பணி அனுபவம்’ பெறுகின்றனர். ஒரு விவசாயியுடன் இணைக்கப்பட்டுப் பயிலும் அவர்களை நாட்குறிப்பு, அறிக்கை, வாய்மொழித் தேர்வு ஆகியவற்றால் மதிப்பிடுகின்றனர்.

அந்த ‘விவசாயி’ யார் என்பதே நம் கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியரில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், சாகுபடி நிலப்பரப்பில் அவர்கள் பங்கு 9 விழுக்காட்டையும் எட்டவில்லை. எனவே நிலமுடையவரிடம் மட்டும் பயிலும் மாணவர், வயலில் உழைப்பவரிடம் ஒரு சொல்லும் கேளாமல் பட்டம் பெற்றுவிட முடியும்.

முல்லைப் பெரியாற்று நீர் பாயும் சின்னமனூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். நெல்லுக்கு நாற்று நடுவோரும், வாழைக்கும் திராட்சைக்கும் மருந்தடிப்போரும் கூலித் தொழிலாளர்களே. பூச்சித் தாக்குதலை முதலில் காணும் கண்கள் அவர்களுடையவை; நஞ்சு முதலில் படும் உடலும் அவர்களுடையதே.

மாணவர் வரைந்த கிராம வரைபடத்தில் காலனி இடம்பெற்றுள்ளதா? அறிக்கையில் கூலி விகிதமும் மருந்தடிப்போரின் பாதுகாப்பும் பதிவாகியுள்ளனவா? மதிப்பெண் இல்லாத பகுதியை மாணவர் படிப்பதில்லை. ஆகவே இவற்றுக்கும் மதிப்பெண் ஒதுக்க வேண்டும். மதிப்பீட்டில் நிலமற்ற தொழிலாளரின் கருத்தையும் சேர்க்க வேண்டும் எனக் கோருகிறோம்.