போடிமெட்டு ஏறும் ஜீப் எதைக் குடிக்கிறது?

போடியிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறும் தோட்ட ஜீப்புக்கு எது அதிகம் செலவாகிறது என்று கேட்டால், யாரும் யோசிக்காமல் டீசல் என்பார்கள். பணக் கணக்கில் அது சரி. எடைக் கணக்கில் காற்றுதான். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ பதினான்கரை கிலோ காற்று வேண்டும்; டீசல் எஞ்சின் அதைவிடக் கூடவே இழுத்துக்கொள்ளும். வழியெல்லாம் சும்மா கிடைப்பதால் அதற்கு யாரும் பில் போடுவதில்லை.

ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் மஹிந்திரா ஜீப்புகளின் பழைய மாடல்கள் பலவற்றில், பிரெஞ்சு பெஜோ நிறுவனத்தின் வடிவமைப்பில் செய்த 2112 சிசி டீசல் எஞ்சின் இருந்தது. நான்கு சிலிண்டர்களிலும் பிஸ்டன்கள் ஏறி இறங்கும் இடத்தின் மொத்தக் கொள்ளளவுதான் அந்த 2112. அதாவது இரண்டு லிட்டருக்குச் சற்று மேல். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் நான்கு சிலிண்டர்களும் ஒருமுறை காற்றால் நிரம்பும். நிமிடத்துக்கு 2000 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் காற்று உள்ளே போய் வெளியே வருகிறது. ஒரு மனிதர் பத்து நாளில் மூச்சிழுக்கும் காற்று ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்தக் காற்றை எஞ்சின் என்ன செய்கிறது? பிஸ்டன் கீழே இறங்கும்போது வால்வு திறந்து காற்று உள்ளே வருகிறது. வால்வு மூடிக்கொள்ள, பிஸ்டன் மேலேறி அதை நசுக்குகிறது. பிறகு எரிதல், அதன் உந்தலில் பிஸ்டன் இறங்குதல். கடைசியாக இன்னொரு வால்வு திறந்து, எரிந்த புகை சைலன்சர் வழியே வெளியேறுகிறது. நான்கு ஸ்ட்ரோக்கில் ஒன்றில்தான் சம்பாத்தியம். மற்ற மூன்றும் செலவு. அந்தச் செலவை மற்ற சிலிண்டர்களும், கனத்த ஃப்ளைவீலும் சேர்ந்து தாங்குகின்றன.

இதில் எனக்குப் பெரிய அதிசயமாகப் படுவது வெடிப்பல்ல, அதற்கு முந்தைய நசுக்கல். சைக்கிளுக்குக் காற்றடித்தவுடன் பம்பின் அடியைத் தொட்டால் சுடும். காற்றைச் சட்டென்று அழுத்தினால் அது சூடாகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். டீசல் எஞ்சின் அதே காரியத்தை மூர்க்கமாகச் செய்கிறது. காற்றை இருபதில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்குகிறது; வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. அந்த நேரத்தில் நாசில் டீசலை நுண்துளிகளாகப் பீய்ச்சினால் போதும், தானே பற்றிக்கொள்ளும். தீக்குச்சியும் இல்லை, ஸ்பார்க் பிளக்கும் இல்லை. ருடால்ஃப் டீசல் இந்த யோசனைக்கு 1890களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கினார்; 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டினார். எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கை அது வேலையாக மாற்றியது. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்களில் பெரும்பாலானவை அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

பெட்ரோல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் வேண்டும். தோட்டத்தில் முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கும் ஸ்பிரேயர் பலவற்றில் இருப்பது அதன் இன்னும் எளிய வகை, டூ ஸ்ட்ரோக். நான்கு வேலையை இரண்டில் முடித்துவிடுவதால் எடை குறைவு. பெட்ரோலில் கொஞ்சம் எரியாமலே புகையோடு தப்பிவிடும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

ஜீப்புக்கு வருவோம். போடி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு அதைவிட ஆயிரம் மீட்டர் மேலே. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போய்ச் சேர்வதற்குள் காற்றழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். பிஸ்டன் இழுக்கும் கொள்ளளவு அதே 2112 சிசிதான். உள்ளே வரும் ஆக்சிஜன்தான் குறைவு. பழைய காலத்து டீசல் பம்புக்கு உயரம் தெரியாது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கீழே கொடுத்த அளவையே மேலேயும் கொடுக்கும். எரிய வழியில்லாத கரி, கரும்புகையாகப் பின்னால் வருகிறது. “வண்டி இழுக்கலை” என்று டிரைவர் சொல்வதும் இதைத்தான். டர்போ வந்தபிறகு, வெளியேறும் புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, மெலிந்த காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. வீணாகப் போவதைக் கொண்டே மூச்சுமுட்டலைத் தீர்ப்பது கெட்டிக்காரத்தனம்தான்.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது தமிழ்நாட்டில் ஓடிய கரி பஸ்களையும் இங்கே நினைக்கலாம். மரக்கரியை அரைகுறையாக எரித்து வரும் வாயுதான் எரிபொருள். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அதற்கான சாதனத்தைத் தயாரித்தது. எஞ்சினுக்கு எது எரிகிறது என்பதில் பெரிய பிடிவாதம் இல்லை. ஆனால் அந்த வாயுவில் பாதிக்குப் பாதி எரியாத நைட்ரஜன். அதனால் பலம் நன்றாகவே குறையும். மேட்டில் அந்த பஸ்கள் திணறியதற்குக் காரணம் அதுதான்.

இரண்டு டன் ஜீப்பை ஆயிரம் மீட்டர் தூக்க, ஆற்றல் கணக்கில் அரை லிட்டருக்குச் சற்று மேல் டீசல் இருந்தால் போதும். உண்மையில் அந்தத் தூக்கலுக்கு மட்டுமே இரண்டு லிட்டர் வரை போகும். மிச்சமெல்லாம் ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் வெறும் சூடாகக் கழிகிறது.

இறங்கும்போதோ கதை தலைகீழ். ஏற்றிய ஆற்றல் முழுவதும் திரும்பி வருகிறது. ஐம்பது லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு அது. பிரேக் மட்டுமே அதை வாங்கினால் டிரம் காய்ந்து பிடிமானம் போய்விடும். ஏறின கியரிலேயே இறங்கு என்று டிரைவர்கள் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தால் டீசல் நின்றுவிடும். இப்போது சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றுகின்றன. காற்றை இழுத்து, நசுக்கி, தள்ளும் பாடும், உலோகத்தோடு உலோகம் உரசும் பாடும் சேர்ந்து வண்டியைப் பிடித்துவைக்கும். டீசலில் நசுங்கிய காற்று ஸ்பிரிங்போல் திருப்பித் தள்ளிவிடுவதால் கனரக வண்டிகளுக்கு இந்தப் பிடி போதாது. அதனால் அவற்றில் புகைக்குழாயையே ஒரு தகடு வைத்து அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். பேட்டரி வண்டியாக இருந்தால் அந்த ஆற்றலில் கணிசமான பங்கைத் திரும்பச் சேமித்துக்கொள்ளும். எஞ்சினுக்கு அந்த வசதி கிடையாது. எத்தனை முறை இறங்கினாலும் டேங்கில் ஒரு சொட்டு டீசல் கூடுவதில்லை.