கொல்லிமலைப் பாதையும் பழுதுற்ற புது மோட்டார் வண்டியும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலையென்று பள்ளிப் பருவத்திலேயே நாம் கற்ற கொல்லிமலை, இக்காலத்தில் வேறொரு காரணம்பற்றியும் பேர்பெற்று விளங்குகின்றது. நாமக்கல் மாவட்டத்திலே காரவள்ளி என்னும் அடிவாரத்தினின்று மேலேறும் பாதையில் கொண்டையூசி வளைவுகள் 70 உள்ளன. ஏறுங்கால் வண்டியின் எஞ்சினும் கிளட்சும் கியரும் ரேடியேட்டரும் சோதனைக்குள்ளாகின்றன. இறங்குங்கால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் சோதனைக்குள்ளாகின்றன. சமவெளியில் பல மாதம் ஓடியும் வெளிப்படாத குறை இம்மலையில் ஒரே நாளில் வெளிப்பட்டுவிடுதல் கூடும்.

மலைமேல் வாழ்வார்க்கு மோட்டார் வண்டி ஆடம்பரப் பொருளன்று. மிளகும் காப்பியும் பலாவும் வாழையும் அன்னாசியும் விலையாக வேண்டுமாயின் கீழிறங்க வேண்டும். நோயுற்றார் பெரிய மருத்துவமனைக்குச் செல்லவேண்டுமாயினும் இறங்கவே வேண்டும். இதன்பொருட்டுக் கடன்பட்டு ஒருவர் புதுவண்டி வாங்குகின்றார் என்று கொள்வோம். வண்டி பழுதுற்று ஒர்க்‌ஷாப்பிலே கிடந்தாலும் கடன் தவணை நிற்பதில்லை. அன்றியும், சமவெளியில் பிரேக் பிடியாவிடின் வண்டி சேதமாகலாம். மலை வளைவில் பிடியாவிடின் உயிரே போகும். ஆதலின் பழுதுற்ற புதுவண்டியை விற்ற டீலரிடம் நியாயம் பெறுமாறு எங்ஙனம் என்பதை நம் மாணவர்களும் பிறரும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி, இதனை எழுதப் புகுகின்றோம்.

முதற்கண் குறை என்பது யாதென்று தெளிதல் வேண்டும். மலையில் நேரும் தொல்லைகள் யாவும் வண்டியின் குறையாகமாட்டா. நெடுந்தொலைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பிழக்கும்; கருகிய நாற்றமும் எழும். தாழ்ந்த கியரில் எஞ்சினையே தடையாகக் கொண்டு இறங்குவார்க்கு இத்தொல்லை குறையும். கிளட்ச் மிதியில் அரைகுறையாகக் காலை வைத்துக்கொண்டே ஏறினால் கிளட்ச் தட்டு விரைவில் தேயும். இத்தகைய தேய்மானத்தை வாரண்டி பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆனால், பிரேக் குளிர்ந்திருக்கும்போதே மிதி தரைவரை அமிழ்தலும், மிதித்தவுடன் வண்டி ஒருபுறமாக இழுத்தலும், பிரேக் ஆயில் கசிதலும், கூலண்ட் அளவாக இருந்தும் புது எஞ்சின் கொதித்தலும், போட்ட கியர் தானே நழுவுதலும் ஓட்டுவோர் பிழையென்று தள்ளத்தக்கவை அல்ல.

இவ்வேறுபாட்டை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. “மலைப்பாதையில் ஓட்டினால் அப்படித்தான் இருக்கும்” என்பதே இவ்விடயத்தில் டீலர் கூறத்தக்க முதல் விடை. அதிற் பாதி உண்மை உண்டு. ஆகவேதான் அதனை மறுப்பது அரிது. எக்குறை, எவ்வளைவில், எந்தக் கியரில், எத்தனை கிலோமீட்டர் ஓடியபின் தோன்றிற்று என்று கூற வல்லவர்க்கே அதனை மறுத்தல் இயலும். “வண்டி சரியில்லை” என்று மட்டும் கூறுவார்க்கு இயலாது.

இரண்டாவதாக, வழக்கு யாரோடு என்பது அறியத்தக்கது. வண்டியைச் செய்தவர் ஒருவர், விற்றவர் மற்றொருவர். டீலரை நாம் கம்பெனியின் ஆள் என்றே எண்ணுகின்றோம். ஆனால் டீலர் கம்பெனியினின்று வண்டியைத் தாமே விலைக்கு வாங்கித் தம் பெயரில் விற்கும் தனி வணிகராக இருத்தல் பெரும்பான்மை. 2009-ஆம் ஆண்டு செய்த கார் ஒன்றைக் கோவாவில் ஒரு டீலர் 2011-இல் புதுவண்டியாக விற்ற வழக்கில், டாட்டா மோட்டார்ஸ் கம்பெனிக்கும் டீலருக்கும் இடையே இருந்த உடன்படிக்கை இத்தகையது என்பதை ஆராய்ந்த உச்சநீதிமன்றம், அவ்விற்பனையிற் கம்பெனிக்குப் பங்கு மெய்ப்பிக்கப்படவில்லையென்று 2021-இல் அதனை விடுவித்தது. பொறுப்பு டீலர்மேல் நின்றது. இதனால் நாம் அறியத்தக்கவை இரண்டு. டெலிவரி எடுக்குமுன் வண்டி செய்யப்பட்ட மாதமும் ஆண்டும், சேசிஸ் எண்ணும், ஓடிய கிலோமீட்டரும் பார்த்தல் வேண்டும் என்பது ஒன்று. பிராது கொடுக்குங்கால் விற்றவர், செய்தவர் இருவரையும் எதிர்தரப்பினராகச் சேர்த்தல் வேண்டும் என்பது மற்றொன்று.

செய்தவரை நேரே கேட்கும் உரிமை எளிதில் வந்ததன்று. அமெரிக்காவில் பியூக் கார் ஒன்றின் மரச்சக்கர ஆரங்கள் ஓடும்போது நொறுங்கி, அதனை ஓட்டியவர் காயமுற்றார். அவர் காரை வாங்கியது டீலரிடம். தமக்கும் அவருக்கும் யாதோர் ஒப்பந்தமும் இல்லையென்று கம்பெனியார் வாதித்தனர். சக்கரத்தைச் செய்ததும் வேறொரு தொழிற்சாலை. ஆயினும், பழுதிருப்பின் உயிர்க்கு இடர்தரும் பொருளைச் சோதியாமல் வெளிவிட்டவர், அதனை முடிவில் ஆள்பவருக்கும் பொறுப்பாவர் என்று நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கார்டோசோ 1916-இல் தீர்ப்பளித்தார். பிற்காலத்து நுகர்வோர் சட்டங்கள் பலவற்றுக்கு இத்தீர்ப்பு ஒரு படியாயிற்று.

நம் நாட்டில் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வாங்குவோரே விழிப்பாக இருத்தல் வேண்டும் என்னும் பழைய கொள்கையை அது பொதுவாக ஏற்றாலும், சில விலக்குகளையும் வகுத்துள்ளது. அத்தகைய சரக்கை விற்கும் வணிகரிடம் விவரங்கூறி வாங்கிய பொருள் வணிகத் தரமுடையதாக இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பொருளைப் பெற்றபின் நியாயமான காலத்துக்குள் மறுப்புத் தெரிவியாது வைத்துக்கொண்டால், அதனை ஏற்றதாகவே அச்சட்டம் கொள்ளும். பின்னர் இழப்பீடு கேட்கலாமேயன்றிப் பொருளைத் திருப்பும் உரிமை பெரும்பாலும் போய்விடும். ஆகையால் குறை கண்டவுடன் அறிவித்தல் இன்றியமையாதது.

1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதற்கு மாற்றாக 2019-இல் இயற்றப்பட்ட சட்டம் 2020 ஜூலை முதல் நடந்துவருகின்றது. குறையை நீக்கவும், வேறு பொருள் மாற்றித் தரவும், விலையைத் திருப்பவும், இழப்பீடு வழங்கவும் கட்டளையிடும் அதிகாரத்தை இச்சட்டம் நுகர்வோர் ஆணையங்களுக்கு அளிக்கின்றது. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகார். எனின், வாடகை ஜீப் ஓட்டிப் பிழைப்பவர் நிலை யாது? கோயமுத்தூர்ப் பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சி நிலையத்தை எதிர்த்து லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் 1995-இல் இதனை விளக்கியது. வண்டியை வாங்கித் தாமே ஓட்டித் தம் பிழைப்பை நடத்துவோர் நுகர்வோரே. முழுதும் பிறரைக் கொண்டே ஓட்டித் தொழில் நடத்துவோர் அவ்வாறு ஆகார்.

இனி, செய்யத்தக்கவற்றைக் கூறுவோம். இவையனைத்துக்கும் அடிப்படை ஒன்றே: வாயாற் சொன்னது நில்லாது, எழுதியதே நிற்கும். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுங்கால் எழுதப்படும் ஜாப் கார்டு இதில் முதன்மையானது. “பொதுவான சோதனை” என்று எழுதப்படுமாயின், பின்னாளில் அத்தாள் நமக்கு எதிராகவே பேசும். “குளிர்ந்த நிலையிலும் பிரேக் மிதி அமிழ்கின்றது, இம்மாதத்தில் மூன்றாம் முறை” என்றவாறு நம் சொல்லிலேயே குறையை எழுதச்செய்து, படி பெறுதல் வேண்டும். வண்டியைத் திரும்ப எடுக்குங்கால், திருப்தி என்று அச்சிட்ட இடத்தில் ஓட்டிப் பாராமல் கையொப்பமிடலாகாது. குறை நீங்கவில்லையேல் அதனையும் அங்கேயே எழுதலாம். எச்சரிக்கை விளக்கு எரிவதைக் கைப்பேசியிற் படமெடுத்து, தேதியும் கிலோமீட்டரும் குறித்துவைத்தலும், சர்வீஸ் ரசீதுகளை ஒன்றுவிடாது காத்தலும், வண்டி எத்தனை நாள் ஒர்க்‌ஷாப்பிற் கிடந்ததென்று கணக்கிடுதலும் வேண்டும்.

மலைவாணர் சிறப்பாகக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஒர்க்‌ஷாப் சமவெளியில் உள்ளது. குறையோ ஏற்றத்திலும் இறக்கத்திலுமே தோன்றுகின்றது. ஊரைச் சுற்றி ஓட்டிப்பார்த்து, “குறை காணப்படவில்லை” என்று எழுதிவிடுவாராயின் அஃது உண்மையாகவே இருத்தல் கூடும், ஆயினும் பயனில்லை. ஆகவே, மெக்கானிக் ஒருவரை உடன் அனுப்பி, குறை தோன்றும் பாதையிலேயே பாதுகாப்பாக ஓட்டிப்பார்க்க வேண்டுமென எழுத்தில் வேண்டிக்கொள்ளுதல் தக்கது. பிரேக் குறையாயின், அவர் கீழே பார்த்துச் சரியென்று சொல்லும்வரை அவ்வண்டியில் மலையேறலாகாது. நாமக்கல், லாரிகளுக்குப் பாடி கட்டும் தொழிலாற் புகழ்பெற்ற ஊர். கைதேர்ந்த மெக்கானிக்குகள் அங்கு மிகுதி. அவர்களிடம் கருத்துக் கேட்கலாம். ஆனால் வாரண்டிக் காலத்தில் பாகங்களைக் கழற்றச்செய்தால், வெளியாள் கைபட்டதென்று கூறி வாரண்டியை மறுக்க இடமாகும்.

இரண்டு மூன்று முறை வாய்ப்பளித்தும் குறை நீங்காவிடின், நடந்தவற்றை நாள்முறையாகத் தொகுத்து, நாம் வேண்டுவது இன்னதென்றும், இத்தனை நாளுக்குள் விடை வேண்டுமென்றும் டீலருக்கு மடல் எழுதி, கம்பெனிக்கும் படி அனுப்புக. சேர்ப்பித்தமைக்குச் சான்று கிடைக்குமாறு அஞ்சலில் அனுப்புதல் நலம். மடலில் வசைமொழி வேண்டா. வண்டியை வாங்கிப் பார்க்கும் ஊழியர் கூலிக்கு உழைப்பவர். குறையைச் செய்தவர் அவர் அல்லர். அவர் மனம்வைத்து எழுதும் ஒரு வரியே பின்னர் நமக்குச் சான்றாதலும் உண்டு.

குறையுள்ள வண்டிக்கெல்லாம் புதுவண்டி கிடைக்கும் என்று எண்ணுதலும் தவறு. மாருதி உத்யோக் கம்பெனி மேல்முறையீடு செய்த வழக்கொன்றில் 2006-இல் உச்சநீதிமன்றம், வாரண்டியின்படி பழுதான பாகத்தைச் செப்பனிடுதலோ மாற்றுதலோதான் கடமையென்று கூறி, வண்டியையே மாற்றித் தருமாறு கீழே இட்ட கட்டளையை நீக்கியது. ஆயினும், பழுதுபார்ப்பதற்காக வாங்கியவர் பட்ட பயணச்செலவு முதலியவற்றுக்காக 50,000 ரூபாய் தரச்செய்தது. மலையினின்று பலமுறை இறங்கி ஏறுவார் இதனை நினைவிற்கொண்டு, ஒவ்வொரு பயணத்தின் செலவையும் குறித்துவைப்பாராக. விபத்தில் காற்றுப்பை விரியாமற்போன ஹூண்டாய் கார் வழக்கிலோ, வண்டியை மாற்றித் தந்து இழப்பீடும் வழங்குக என்ற கட்டளையை அந்நீதிமன்றமே 2022-இல் உறுதிசெய்தது. குறை எத்தன்மையது, உயிர்க்கு எவ்வளவு இடர் தருவது, எங்ஙனம் மெய்ப்பிக்கப்பட்டது என்பவற்றைப் பொறுத்தே தீர்ப்பு அமைகின்றது.

பிற நாடுகளில் சட்டம் இன்னும் திட்டமாக உள்ளது. தீராப் பழுதுள்ள காரை எலுமிச்சை என்று குறிப்பது அமெரிக்கர் வழக்கு. அவ்வகைக் காருக்கென்றே கனெக்டிகட் மாநிலம் 1982-இல் தனிச்சட்டம் செய்தது. பிற மாநிலங்களும் பின்பற்றின. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பொதுவாக 30 நாட்களுக்குள் மறுத்து விலையைத் திரும்பப் பெறலாம். இத்தனை முறை பழுதுபார்த்தும் தீராவிடின் வண்டியை மாற்றித் தருக என்று எண்ணிக்கை வகுத்த சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆதலின் நம்மவர்க்கு ஆதாரத் தாள்களே வலிமை.

பிராதை நாமக்கல்லில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திற் கொடுக்கலாம். டீலர் வேற்றூரில் இருப்பினும், வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்கிட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகின்றது. செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகள் மாவட்ட ஆணையத்துக்கு உரியன. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. அதற்குமேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். காரணம் தோன்றிய நாளினின்று 2 ஆண்டுக்குள் கொடுத்தல் வேண்டும். சோதித்தாலன்றித் துணியவியலாத குறையாயின், தக்க ஆய்வகத்தின் அறிக்கையை ஆணையமே வரவழைக்கலாம். அதற்குமுன் ஆலோசனை வேண்டுவோர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

மாணவ நண்பர்களே! இவ்வளவும் படித்தபின், சட்டம் பெரிதும் எழுதத் தெரிந்தவர் பக்கமே நிற்கின்றது என்பது உங்களுக்குப் புலனாகியிருக்கும். மலையூர்களில் வண்டியை நன்கு ஓட்டத் தெரிந்து, ஜாப் கார்டின் ஆங்கில வரியைப் படிக்க இயலாதோர் உளர். அவர்கள் கண்ட குறை மெய். ஆனால் தாளில் அது ஏறுவதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், அத்தகைய ஒருவருக்கு வாரண்டிப் புத்தகத்தைப் படித்துச் சொல்லுங்கள். டீலருக்கு ஒரு மடல் எழுதிக் கொடுங்கள். தேதிகளை வரிசைப்படுத்தித் தாருங்கள். அரைநாள் வேலை அது. பிரேக் பழுதுற்ற ஒரு வண்டி பயணிகளை ஏற்றிக்கொண்டு அவ்வெழுபது வளைவுகளில் இறங்காதவாறு தடுக்க அது போதுமாயின், நீங்கள் கற்ற கல்விக்கு அதுவும் தக்கதொரு பயனேயாம்.