தையலுக்கு உள்ளே – 12: வயிற்றுக்குள் ஒரு துணி

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தெருவுக்குத் தெரு விசைத்தறி ஓடும். அங்கே நெய்வது பெரும்பாலும் வேட்டியோ சேலையோ அல்ல, பேண்டேஜ் துணி. வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்கும் வெளிநாடுகளுக்கும் இங்கிருந்து சரக்கு போகிறது. தறியிலிருந்து இறங்கியவுடன் அந்தத் துணி ரத்தத்தை உறிஞ்சிவிடாது. பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு இருக்கிறது, தண்ணீர் ஒட்டாது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து மெழுகை நீக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்த பிறகுதான் அது மருத்துவத் துணியாகிறது. தண்ணீரில் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது அதற்கு வைக்கும் பரீட்சை.

இப்படித் தயாராகும் துணி ஆபரேஷன் தியேட்டருக்குள் போனதும் 'மாப்' ஆகிறது. ரத்தத்தை ஒற்றி எடுக்கவும், குடலை ஒதுக்கிப் பிடிக்கவும் அதுதான். வேலை முடிந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். இரண்டு சந்தர்ப்பங்களில் மட்டும் அது உள்ளேயே தங்கிவிடுகிறது. ஒன்றில் டாக்டரே வேண்டுமென்று விட்டுவைக்கிறார். மற்றொன்றில் மறந்துவிடுகிறார்கள்.

முதலில் வேண்டுமென்றே வைப்பதைப் பார்ப்போம். விபத்தில் கல்லீரல் கிழிந்து ஒருவர் வருகிறார். ரத்தம் கொட்டக் கொட்ட உடம்பு சில்லிடுகிறது, ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுகிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்தம் உறையும் சக்தியை இழக்கிறது. உறையாததால் இன்னும் கொட்டுகிறது. அந்த நிலையில் மணிக்கணக்காக நின்று கிழிசலைச் சீராகத் தைத்தால் ஆபரேஷன் வெற்றி பெறும், நோயாளி இறந்துபோவார். அதனால் கல்லீரலுக்கு மேலும் கீழும் மாப்புகளை இறுக்கி அடைத்து, வயிற்றைத் தற்காலிகமாக மூடி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே உடம்புக்குச் சூடேற்றி, ரத்தம் ஏற்றி, ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் மறுபடி திறந்து துணியை எடுத்து, மிச்ச வேலையை முடிக்கிறார்கள். துணி வைத்து அடைப்பது பழைய உத்திதான். அதை இப்படிக் கட்டம் கட்டமாகச் செய்யும் முறைக்கு 1993-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா மருத்துவர்கள் தெளிவான வடிவம் கொடுத்தார்கள்.

மூன்று நாள் கெடுவுக்குக் காரணம் இருக்கிறது. அந்நியப் பொருள் உள்ளே வந்தால் உடம்பு உடனே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்திலேயே ஃபைப்ரின் என்ற பசைப் புரதம் உருவாகி துணியைச் சுற்றி ஒட்டுகிறது. நாளாக நாளாகக் கிருமித் தொற்றின் ஆபத்தும் ஏறுகிறது.

மறந்துபோன துணியின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. அதை விழுங்க வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. ஒன்றோடொன்று இணைந்து ராட்சத அணுக்களாகவும் மாறிப் பார்க்கின்றன. ஆனாலும் முடிவதில்லை. ஆட்டுக்குடலிலிருந்து செய்யும் கேட்கட் தையல் நூல் புரதம் என்பதால் உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். பருத்தி செல்லுலோஸ். அதைக் கரைக்கும் நொதி மனித உடம்பில் கிடையாது. செல்லுலோஸையே ரசாயன முறையில் ஆக்ஸிஜனேற்றம் செய்துவிட்டால் உடம்பு கரைத்துக்கொள்ளும். ரத்தக் கசிவை நிறுத்தி உள்ளேயே விட்டுவிடும் பஞ்சு அப்படிச் செய்ததுதான். சாதாரண மாப்புக்கு அந்த வழி இல்லை.

கரைக்க முடியாததை உடம்பு சிறைவைக்கிறது. கிருமி இல்லாவிட்டால் துணியைச் சுற்றித் தடித்த நார்ச்சுவர் எழுப்பிவிட்டு அடங்கிவிடும். ஆண்டுகள் கழித்து ஸ்கேனில் பார்ப்பவர்கள் கட்டி என்று நினைப்பதும் உண்டு. கிருமி இருந்தால் சீழ் கட்டும், காய்ச்சல் வரும். துணி குடல் சுவரை அரித்து உள்ளே நுழைந்து, மலத்தோடு வெளியேறியதாகக்கூட மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன.

1963-ல் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பின் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. ஆறு நாள் கழித்துத் திறந்தபோது உள்ளே துணி. அவர் பிழைக்கவில்லை. அரசு இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது 1996-ல். இன்னொரு பெண்ணுக்கு 1993-ல் பித்தப்பை ஆபரேஷன். வலி விடவே இல்லை. வயிற்றிலிருந்த காஸ் துணியை எடுத்தது 2002-ல். ஒன்பது ஆண்டுகள் உடம்பு அதைத் தாங்கியிருக்கிறது. சட்டம் தாங்கவில்லை. தொடக்கத்திலிருந்தே வலி இருந்தும், தானே நர்ஸாக இருந்தும், ஆபரேஷன் செய்தவரிடம் திரும்பப் போகாமல் காலம் கடத்திவிட்டார் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் அவருடைய புகாரை ஏற்க மறுத்தது.

துணி இப்படி உள்ளே தங்கிவிடுவதைத் தடுக்க தியேட்டரில் இருக்கும் முக்கியமான ஆயுதம் எண்ணிக்கை. தொடங்கும் முன் எத்தனை மாப், மூடும் முன் எத்தனை என்று சிஸ்டர் வாய்விட்டு எண்ணுவார். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலிலும் இது இருக்கிறது. எக்ஸ்ரேயில் தெரிவதற்காக மாப்பில் பேரியம் கலந்த இழையும் வைக்கிறார்கள். ஆனால், அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே குழுவினர் 2003-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒரு விஷயத்தைக் காட்டியது: பொருள் உள்ளே தங்கிப்போய், எண்ணிக்கையும் எடுக்கப்பட்டவர்களில் 88 சதவீதம் பேருக்கு 'சரியாக இருக்கிறது' என்றே பதிவாகியிருந்தது. அவசர ஆபரேஷனில் ஆபத்து சுமார் ஒன்பது மடங்கு. ஆகவே எண்ணியாயிற்று என்ற பதிலோடு சந்தேகத்தை மூடிவிட முடியாது.

அப்படியும் தவறு நடந்துவிட்டால் முறையிட, பேண்டேஜ் நெய்யும் ராஜபாளையத்துக்குப் பக்கத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் விருதுநகர் மாவட்ட நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது. கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-லேயே உறுதியாகிவிட்டது. அங்கே புகார் தர இரண்டு ஆண்டுதான் கெடு. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை என்றால், இழப்பீட்டுக்குச் சிவில் நீதிமன்றம்தான் வழி.

கோர்ட்டுக்குப் போகும் நிலை வராமலே இருக்கட்டும். ஆனால் ஆபரேஷன் முடிந்து வாரங்கள் கழித்தும் வலியோ காய்ச்சலோ விடவில்லை என்றால், 'தையல் வலி, போகப் போகச் சரியாகும்' என்று மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஆபரேஷன் செய்த டாக்டரிடமே திரும்பப் போய், ஸ்கேன் தேவையா என்று வாய்திறந்து கேளுங்கள்.

(தொடரும்)